உட்கார்ந்த உயரம்

அவரை எல்லோரும் ‘ஏணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எலக்ட்ரீஷியன். மற்றவர்கள் ஏணி போட்டுச் செய்கிற மின்விசிறி வேலையை ஒரு முக்காலிமேல் நின்றே முடித்துவிடுவார். ஆறடி ஏழங்குலம். கடவுள் அள்ளித்தான் கொடுத்தார், எதற்கு என்றுதான் யோசிக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு, என்ஜின் இல்லாமல் காற்றிலேயே மிதக்கிற கிளைடர்மேல் ஆசை வந்தது. நாற்பத்தெட்டு வயதில், மேலே மூடியில்லாத ஒரு பழைய கிளைடரில் பயிற்சி தொடங்கினார். தனியாகப் பறக்க இரண்டே பாடம் பாக்கி இருந்தபோது, இறக்கை உளுத்துவிட்டது என்று அதை ஓரங்கட்டிவிட்டார்கள். மற்றதெல்லாம் கண்ணாடி மூடி போட்டவை. ஆறு வருடமாகத் தான் நுழைகிற கிளைடரைத் தேடி அலைகிறார். வரும் மாதத்தோடு, பறக்கலாம் என்று டாக்டர் கொடுத்த சான்றிதழ் முடிகிறது. கண் மங்கிவருகிறது, இனிமேல் தரமாட்டேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

போனில் எல்லா கிளைடர் கிளப்பிலும் உயரம் கேட்பார்கள். இவரும் ஆறடி ஏழு என்பார். “எங்ககிட்ட அதே உயரத்துல ஒருத்தர் ஓட்டுறாரு, தாராளமா வாங்க” என்று பதில் வரும். பஸ் மாறிப் பஸ் மாறிப் போவார். உட்கார்ந்து மூடியை இறக்கினால் உச்சந்தலையில் நங்கென்று இடிக்கும். நான்கு கிளப், நான்கு இடி.

ஐந்தாவதுதான் கடைசி என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயும் மூடி சேரவில்லை. பயிற்சியாளர் அவரை இறக்கி, சுவரோரம் தரையில் உட்காரவைத்து டேப் பிடித்தார்.

“நீங்க நிக்கிற உயரத்த சொல்லியிருக்கீங்க சார். இதுக்கு உக்கார்ற உயரம்தான் கணக்கு. உங்க நீளமெல்லாம் முதுகுல இருக்கு.”

ஆறு வருடம். ஒருத்தராவது கேட்டிருக்கக் கூடாதா? நாள் முழுக்க அளக்கிற டேப்பும் கையுமாகத் திரிகிற இவருக்காவது உறைத்திருக்கக் கூடாதா?

இருக்கை மெத்தையை எடுத்துப் பார்த்தார்கள். சரிந்து படுத்ததும் மூடி சேர்ந்தது.

“கால் நடுவுல இருக்கே, ஓட்டுற ஸ்டிக், அத முழுசா உங்க பக்கம் இழுங்க.”

சரிந்து படுத்ததில் மேலேறியிருந்த தொடையில் அது பாதியிலேயே முட்டி நின்றது. பயிற்சியாளர் மூடியைத் திறந்துவிட்டார். “இத முழுசா இழுக்க முடியலன்னா பத்திரமா இறங்க முடியாது சார். நான் அனுப்ப மாட்டேன்.”

வெளியே வந்தவர், கழற்றிய மெத்தையைத் தானே எடுத்து மறுபடி இருக்கையில் பொருத்தினார். பயிற்சியாளருக்கே மனசு கேட்கவில்லை போலும். “இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, அம்மாவையாவது ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

“எனக்கெதுக்குங்க அதெல்லாம்” என்று மனைவி பின்வாங்கினாள்.

“போயிட்டு வா. நம்மள்ல ஒருத்தராவது பாக்கட்டும்” என்றார் இவர்.

ஐந்தடிக்கும் குறைவான அவளுக்கு மெத்தைமேல் மெத்தை போட வேண்டியிருந்தது. பயிற்சியாளர் பின்னால் ஏறிக்கொண்டார். இறக்கை நுனி தரையில் சாயாமல் பிடித்துக்கொண்டு ஓட ஓர் ஆள் தேவைப்பட்டது. இவர் முதுகை வளைத்துப் பிடித்தார். மைதானக் கோடியில் இருந்த மோட்டார் கயிற்றைச் சுற்றி இழுத்ததும் நாலு எட்டு ஓடினார், கையை விட்டார். அது போய்விட்டது.

கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தவளின் முகம் சிவந்திருந்தது.

“எப்படி இருந்துச்சு?”

“மேல ஒண்ணுமே இல்லங்க. வெறும் காத்துதான்.”

அவர் தலையாட்டினார். பஸ்ஸில் வீடு வரும் வழியெல்லாம் அவள் ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.