வல்லத்தில் தூங்கி எழுந்து தோற்றேன்

சென்ற ஆண்டு சென்னைப் போட்டிக்குப் போய்வந்து இதே பக்கத்தில் நான் அடித்த தம்பட்டம் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். 'ஒரகடம் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒன்றரை நிமிடம்கூடத் தாங்கவில்லை' என்று எழுதியிருந்தேன். போன சனிக்கிழமை அவள் ஊருக்கே போய்வந்தேன். அந்த வரிக்கு இது பதில்.

புதியவர்களுக்கு: நான் மதுரைக்காரி, தொண்ணூற்றொன்றில் பிறந்தவள், ஆடுவது பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. அடி, உதை கிடையாது. தரையில் கட்டிப் புரண்டு கைக்கோ கழுத்துக்கோ பூட்டுப் போட வேண்டும். மாட்டிக்கொண்டவர் தட்டினால் ஆட்டம் முடிந்தது. மாநில அணித் தேர்வு இதுவரை சென்னை நகரத்துக்குள்தான் நடந்தது. முதல்முறையாக இந்த ஆண்டு ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில், அங்குள்ள தொழிற்சாலைத் தொழிலாளர்களே நடத்தினார்கள். முப்பது வயதைத் தாண்டிய பெண்களில் என் எடைப் பிரிவுக்கு இரண்டே பேர், நானும், போன வருடம் நான் எழுதிய அதே பெண் தேவகியும். ஒரே ஆட்டம், ஜெயிப்பவருக்கு அணியில் இடம்.

வெள்ளி இரவு மதுரையில் ரயில் ஏறினேன். கிடைத்தது ஆர்.ஏ.சி. பாதி இருக்கை. மறுபாதியில் ஒரு பெரியவரும் அவருடைய பலாப்பழமும். பொட்டுத் தூக்கம் இல்லை. ஐந்து மணிக்குத் தாம்பரம். அங்கிருந்து ஒரகடத்துக்குப் பேருந்தில் இருபத்து நான்கு கிலோமீட்டர், இருபத்தேழு ரூபாய். படப்பை தாண்டியதும் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டின. எதிரே வந்தவற்றில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள், எங்களோடு போனவற்றில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தவர்கள். ஒரகடத்திலிருந்து ஷேர் ஆட்டோ, ஏழு கிலோமீட்டர், முப்பது ரூபாய்.

ஆட்டோ இறக்கிவிட்ட இடம் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் நின்று கணவரிடம் போனில் ஆர்.ஏ.சி.யையும் பலாப்பழத்தையும் திட்டித் தீர்த்துவிட்டு உள்ளே போனேன். பதிவு மேசையில் எட்வின் இருந்தார். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர், இங்கே பயிற்சியாளர். பெயரையும் எடையையும் எழுதிக்கொண்டவர், "கடைசியா எப்ப தூங்குனீங்க மேடம்?" என்றார்.

இதென்ன கேள்வி! "ராத்திரி நல்லாத் தூங்குனேன்" என்று கூசாமல் புளுகினேன்.

"இப்பத்தான வாசல்ல பலாப்பழத்தத் திட்டிக்கினு இருந்தீங்க? உங்களுக்கு நைட் ஷிப்ட்னு போட்டுக்கறேன்."

இங்கே ஆட்ட வரிசையை ஷிப்ட் பார்த்துத்தான் போடுகிறார்கள். இரவு வேலை முடித்து வருகிறவர் ஐந்து மணி நேரமாவது தூங்கி எழுந்தால்தான் பாயில் இறங்கலாம். சென்னையில் காலை எட்டு மணிக்கே பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். இவர்கள் நைட் ஷிப்ட் இறங்கி நேராகப் போய்த் தோற்று வருவார்கள். கம்பெனிக்காரர்களுக்குத் தம் இல்லை என்று அங்கே ஒரு பேச்சு, அதை நானும் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சுருக்கென்றது. "போன வருஷம் தேவகியும் அப்படித்தானா?" என்றேன்.

"அன்னிக்கு நைட் ஷிப்ட் முடிச்சி லைன்லேர்ந்து நேரா வந்தேன்க்கா" என்று பின்னாலிருந்து குரல். தேவகியேதான்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. யாருக்கு வேண்டும் சலுகை? "எனக்கு ஒண்ணும் இல்ல, ஒம்பது மணிக்கே ஆடுவோம்" என்றேன். முந்தின நாள் அவளுக்குப் பகல் ஷிப்ட், இரவு நன்றாகத் தூங்கியிருந்தாள். ஒன்பது மணிக்கு ஆடியிருந்தால் என்னைச் சுருட்டி வைத்திருப்பாள். மதியத்துக்குத் தள்ளினால் அவளுடைய இரண்டு மணி ஷிப்ட்டுக்கான பஸ் போய்விடும்.

"பஸ்ஸு போனா போவுது. எங்க லைன்ல கீற கமலா கையில ஷிப்ட் மாத்திக்கறேன், ஞாயித்துக்கெழம அவளுக்கு நான் பாத்துக்கறேன்" என்றாள். "தூக்கக் கலக்கத்துல கீற ஆளப் போட்டுட்டு இன்னா பெருமை பேசறது? அத நீங்க எழுதிட்டீங்க. நானும் படிச்சிட்டேன்."

பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன். மணமகள் அறையில் பாய் விரித்து, ஃபேனைப் போட்டு, என்னைப் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஏழரைக்குப் படுத்தவள் பன்னிரண்டரைக்குத்தான் கண் விழித்தேன்.

ஒன்றரைக்கு ஆட்டம், மொத்தம் ஐந்து நிமிடம். நடுவர் தாம்பரத்துக்காரர். ஆடுவது தன் மாணவி என்பதால் எட்வின் பாய்ப் பக்கமே வராமல் சமையல்கட்டில் போய் நின்றுகொண்டார். முதலில் அவளைச் சாய்த்து இரண்டு புள்ளி எடுத்தேன். அவள் என் கால்களைத் தாண்டி வந்து மூன்று எடுத்தாள். நானா விடுவேன்! உருண்டு, திமிறி, மறுபடி மேலே ஏறப் பார்த்தேன். என் வலது கை அவளுடைய தொடைகளுக்கு நடுவே மாட்டியது. முழங்கை எதிர்ப்பக்கம் வளையத் தொடங்கியதும் தட்டினேன். மண்டபம் முழுக்க விசில். எட்வின் கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

தோற்றவளுக்கு என்ன பெருமை என்று கேட்பீர்கள். இருக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்த என்னை, நன்றாகத் தூங்கி எழுந்த ஒருத்தி ஜெயித்தாள். எனக்குச் சொல்லிக்கொள்ளச் சாக்கு இல்லை, அவளுக்குத் தேவையில்லை. வீட்டுச் சுவரில் இருக்கும் போன வருடப் பதக்கத்தைப் பார்த்தால் இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இந்தத் தோல்வியை நினைத்தால் நெஞ்சை நிமிர்த்தத் தோன்றுகிறது.

போக நினைப்பவர்கள் தாம்பரத்தில் ஐந்தரைக்குள் பஸ் ஏறிவிடுங்கள். தாமதித்தால் படப்பை நெரிசலிலேயே அரை மணி போய்விடும். மண்டபத்தில் மதியம் சாம்பார் சாதம் எல்லோருக்கும் உண்டு. ஆர்.ஏ.சி.யில் வராதீர்கள். வந்தாலும் எட்வினிடம் புளுகாதீர்கள்.

கிளம்பும்போது தேவகி ஆட்டோ வரை வந்தாள். "இதையும் எழுதுவீங்களாக்கா?"

"எழுதாமலா?"

"நாலு நிமிசம் நாப்பது செகண்டு. கரெக்டாப் போடுங்க."

போட்டுவிட்டேன் தேவகி. நான்கு நிமிடம் நாற்பது நொடி. அதற்குமேல் நான் தாங்கவில்லை.