திருப்பூருக்கு ஆள் தேடிப் பாறசாலைக்குப் போனேன்

தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை எனக்கு. ஆர்டர் குவிந்தது, தைக்க ஆள் இல்லை. கேரள எல்லைக் கிராமங்களில் தையல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் நிறைய என்று யாரோ சொல்ல, முதலாளி என்னை அனுப்பினார். ஜூன் மாதம், நல்ல மழை.

நாகர்கோவிலிலிருந்து காலை பாசஞ்சர் ரயிலில் பாறசாலையில் இறங்கினேன். ஆட்டோ ஓட்டும் சசியை அங்கேதான் பிடித்தேன். முப்பது வயது இருக்கும், நல்ல பேச்சுக்காரர். நாள் வாடகை இருநூற்றைம்பது, டீசல் அவர் பொறுப்பு.

கவனித்தால் விசித்திரமாக இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வந்த பஸ்களில் கொத்தனார்களும் கூலியாட்களும் கூட்டமாக இறங்கினார்கள். எதிர்ப்பக்கம் ஒரு பயண ஏஜென்சி வாசலில் உள்ளூர் இளைஞர்கள் பாஸ்போர்ட்டோடு நின்றார்கள்.

"இஞ்ச உள்ளவன் கெல்ஃபுக்கு போவான், அவனுக்க சோலிக்கு மார்த்தாண்டத்துக்காரன் வருவான். திருப்பூருக்கு ஆரு சாரே வருவா?" என்றார் சசி. கொஞ்சம் கழித்து, தானும் விசாவுக்குச் சொல்லி வைத்துக் காத்திருப்பதாகச் சொன்னார்.

நெய்யாற்றின்கரை தாண்டி அம்பூரிக்கு ஏறினோம். மலைப்பாதை. மழைக்காலத்தில் ஆட்டோவை நம்பாதீர்கள், இரண்டு இடத்தில் நான் இறங்கித் தள்ளினேன். ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்துவிட்டு, மழை விட்டதும் பால் வெட்ட நாலு ஆளை அனுப்ப முடியுமா என்று என்னிடமே கேட்டார். மதியத்துக்கு மேல் பூவார் கடற்கரை. பேக்கிங் வேலைக்காவது வருகிறீர்களா என்று கேட்டேன். கடலில் இறங்க முடியாத மாதங்களில் மட்டும் வருகிறோம், கடல் அடங்கியதும் திரும்பிவிடுவோம் என்றார்கள் மீனவ இளைஞர்கள். அவர்கள் கணக்கு சரிதான், என் கம்பெனிக்குத்தான் ஒத்துவராது.

ஒரு ஆள்கூடச் சேரவில்லை. திரும்பும் வழியில், தன் மனைவியும் தையல் படித்தவள்தான், வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சசி கூப்பிட்டார்.

அவர் மனைவி சுஜா மீன்குழம்பு ஊற்றியபடியே ஷிஃப்ட், விடுதி, சம்பளம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். பெண்கள் விடுதி இருக்கிறது, பயமில்லை என்றேன்.

"விடுதி எனக்கெதுக்கு? இவருக்கும் அங்க வண்டி ஓட்டுத சோலி உண்டா? உண்டுண்ணா ரெண்டுபேரும் வாறோம். இல்லெண்ணா இவரு கெல்ஃபுக்கு போவாரு, நான் இஞ்ச சுவரைப் பாத்துட்டு இருக்கணுமாக்கும்."

சசி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். இதை அவள் அதுவரை அவரிடம் சொன்னதே இல்லை என்று அந்த முகத்தில் தெரிந்தது. பிறகு, "வண்டி உண்டா சாரே?" என்று என்னைக் கேட்டார்.

கம்பெனி வேனுக்கு ஓட்டுநர் வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. இருந்தும் உண்டு என்று சொல்லிவிட்டேன். முதலாளியிடம் திட்டு வாங்கி, அதை உண்மையாக்கினேன்.

அடுத்த மாதமே இருவரும் வந்தார்கள். ஒரு வருடம் போவதற்குள் சசிக்கு விசாவும் வந்தது. இரண்டு பேரும் இரவு பகலாகப் பேசினார்கள். கடைசியில், போய் வாருங்கள் என்று அவளே சொன்னாள். ஆனால் அவள் ஊருக்குத் திரும்பவில்லை. அவர் போன பிறகு சுஜா எங்கள் லைனுக்கு சூப்பர்வைசர் ஆனாள். பின்னால் அவளைப் பார்த்து அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள்.

ஆள் தேடி அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பஸ் ஸ்டாண்டிலும் ஜங்ஷனிலும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்குப் போங்கள், கணவன் மனைவி இரண்டு பேரும் இருக்கும்போது பேசுங்கள். ஒரு வேலையோடு போனால், இரண்டு வேலைக்குத் தயாராகப் போங்கள்.

சசி முதல் விடுமுறைக்கு வந்தபோது திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கியது. பாறசாலை அங்கிருந்து ஒரு மணி நேரம்தான். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே திருப்பூர் ரயிலைப் பிடித்தார்.