தைக்காத காது

அடுத்த அறையில் மோகன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்பு பலகைத் தடுப்பைத் தாண்டி வந்து, நோயாளிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பூங்கொடியைச் சுட்டது. ஊரார் முன்னால் இப்படித்தான் சிரிப்பான். திருவிடந்தையில் அவர்களுடைய டீக்கடைக்கு வருகிறவர்கள், இப்படிப்பட்ட புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்தவள் என்று அவளிடமே சொல்வார்கள். ஒரு மாதமாகத் தலைமுடியால் இரண்டு காதையும் மூடிக்கொண்டு அந்தக் கடையில்தான் அவள் வடை சுட்டாள்.

"ஈசிஆர் ரோட்ல பைக்ல வந்தவன் கம்மல அறுத்துகினு பூட்டான், டாக்டரம்மா. ஞாயித்துக்கெழம மாமல்லபுரத்துல என் மச்சான் பொண்ணுக்குக் காதுகுத்து. அதுக்குள்ள தச்சி, கம்மலப் போட்டு வுட்ருங்க" என்றான் மோகன் தடுப்புக்கு அந்தப் பக்கம்.

"தைக்கலாம். கம்மல் போட மாசக்கணக்காகும்."

"தச்சியாவது வுடுங்க. அறுந்தது தெரியக் கூடாது, அவ்ளோதான்."

செங்கல்பட்டில் பிளாஸ்டிக் சர்ஜரி செய்கிற டாக்டர் சாராள் உள்ளே வந்து விளக்கைத் திருப்பினார். மோகனும் பின்னாலேயே வந்தான். இரண்டு காது மடலும் கீழ்வரை பிளந்திருந்தன.

"பைக்ல வந்தவன் ரெண்டு காதையும் இழுத்தானா? ஹேண்டில்பார யார் புடிச்சிருந்தா?"

"பின்னால இன்னொருத்தன் குந்திகினு இருந்தான்."

"உங்களக் கேக்கல. காது உங்களுதா?"

"பொண்டாட்டி காதும் என் காதும் ஒண்ணுதான்."

"அப்போ உங்க காத அறுத்துட்டு வாங்க, தைக்கறேன். இப்போ வெளிய போங்க."

அவன் போனதும் பூங்கொடி வாய் திறந்தாள். "அண்ணனுக்குப் போன் பண்ணேன்னு கம்மல ரெண்டு கையாலயும் புடிச்சி இழுத்தாரு."

டாக்டர் எடுத்த ஊசியைத் தட்டிலேயே வைத்தார். வைத்த வேகத்தில் தட்டு அதிர்ந்தது. "ஆறின காயம்மா இது. எப்போ தச்சாலும் ஒண்ணுதான். அவர் சொன்னாருன்னு தைக்க மாட்டேன். நீ சொன்னா இப்பவே தைக்கறேன்."

பூங்கொடி கண்ணாடியைப் பார்த்தாள். தைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும்? அண்ணன் கோதண்டராமன் ஒன்றும் அறியாமல் மாப்பிள்ளைக்கு முதல் இலை போடுவான். குழந்தையின் காதில் பொன் ஏறும்போது, அத்தையின் காதை அறுத்தவன் பக்கத்தில் நின்று இதே சிரிப்பைச் சிரிப்பான்! பாவி! அவன் மானத்துக்கு அவள் காதில் தையலா?

முடியை வாரி உச்சியில் கொண்டை போட்டாள்.

"வேணாம் டாக்டர். அண்ணன் பாக்கட்டும்."

டாக்டரின் போனிலேயே அண்ணனைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். அண்ணனின் குரல் வந்தது: "அங்கியே இரு. வந்துகினே கீறேன்."

மோகன் கதவைத் தள்ளினான். "இன்னாடி, தைக்கலியா? வூட்டுக்கு வா, வச்சிக்கறேன்."

"நீ போ. அண்ணன் வந்துகினு கீது."

அவள் அவனை நீ என்றது அதுவே முதல்முறை. காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்காகச் சிரிக்கப் பார்த்தான். உதடு இழுத்துக்கொண்டதே தவிரச் சிரிப்பு வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

பூங்கொடி எழுந்து போய்த் தன் கையாலேயே கதவை அறைந்து சாத்தினாள்.