என் மகனுக்கு நான் எழுதிக்கொடுத்த தொழில்

காலை பத்து மணி இருபது நிமிஷம். துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கிச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யுத்தத்தில் குறைபட்டவர்களின் உதவித்தொகையை முடிவுசெய்ய வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார டாக்டர் கர்னல், என் மகனின் காகிதங்களில் ஒன்றை விரலால் தட்டி, "படையில் சேருமுன்பே இவனுக்குக் காது கெட்டிருக்கிறது. அடுத்த ஆளைக் கூப்பிடு" என்று இங்கிலீஷில் சொன்னார். என் மடியில் சிலேட்டு இருந்தது. மகனுக்குக் காது கேட்காது. அங்கே பேசுவதை அவனுக்கு எழுதிக் காட்டுவதற்காகவே என்னை உள்ளே விட்டிருந்தார்கள். "என்னம்மா சொல்லுதாரு?" என்று அவன் உரக்கக் கேட்டான். தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்பது அவனுக்குத் தெரிவதில்லை. பலப்பம் என் கையில் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கை, அன்று ஓர் எழுத்துக்கூட எழுத மறுத்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரியான சான்றிதழ் வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. ஆனாலும் பத்து இருபது ஆகும்போது வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தால்கூட எனக்கு நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொள்கிறது. யுத்தத்துக்கு மகனை அனுப்பிவிட்டு நான்கு வருஷம் பயந்தேன். அந்தப் பயம் வேறு. இது, நானே வெட்டிய குழியில் பிள்ளை விழுவதைப் பார்த்த பயம்.

கர்னல் தட்டிய காகிதம் என் கையெழுத்தில் இருந்தது. கப்பற்படைக்கு ஆள் எடுத்தபோது மகனுக்காக நான் இங்கிலீஷில் எழுதிய விண்ணப்பம். "சிறு வயது முதல் கடலில் மூழ்கிச் சங்கெடுப்பதில் தேர்ந்தவன்" என்று அதில் எழுதியிருந்தேன். அது பொய். என் மகன் ஒரு நாளும் மூழ்கியதில்லை. அவன் கயிறு பிடித்தவன்.

எங்கள் கரையில் சங்கு குளிக்கப் போகிற தோணியில், மூழ்குகிறவனுக்கு ஒருவன் கயிறு பிடிக்க வேண்டும். அடியிலிருந்து ஓர் இழுப்பு வந்ததும் மேலே இருக்கிறவன் தூக்க வேண்டும். மூச்சடக்கிக் கிடப்பவனின் உயிர் அந்த இழுப்பில்தான் இருக்கிறது. அதனால் யாரையும் நம்பிக் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். பெண்டாட்டியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். அக்காளை விதவையாக்க எந்தத் தம்பிக்கும் மனசு வராது என்பது கணக்கு. என் மூத்த மகள் சங்கு குளிக்கிற ஒருவரைத்தான் கட்டுவேன் என்று நின்று கட்டிக்கொண்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. படித்த வீட்டுப் பெண் என்ற நினைப்பு. கல்யாணமான மறு வருஷமே மருமகன் வாசலில் வந்து நின்று, "மாமி, மச்சினன அனுப்புங்க. எனக்குக் கயித்துக்கு ஆள் வேணும்" என்றபோது மறுக்க முடியவில்லை, அது மகளின் தாலி. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என் மகன் மூன்று பருவம் தோணியில் போனான். பிறகு யுத்தம் வந்தது. அதைச் சாக்காக வைத்து அவனைத் தோணியிலிருந்து பிடுங்கினேன். விண்ணப்பத்தில் கயிறு பிடித்தவன் என்று எழுதக் கூச்சமாக இருந்தது. கப்பலில் அடுப்படிக்குத் தள்ளிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. மூழ்குகிறவன் என்று எழுதினேன். அவனும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

கப்பலில் பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுக்கும் வேலை கொடுத்தார்கள். ஒருநாள் பக்கத்திலேயே வெடித்ததில் இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதில் கத்தினால் ஏதோ இரைச்சல் கேட்கும், அவ்வளவுதான்.

சங்கு குளிக்கப் பழகுகிற பையன்களுக்கு முதல் பருவத்திலேயே ஆழத்தின் அழுத்தத்தில் காதுச் சவ்வு கிழிந்து இரத்தம் வரும். "காது தெறந்துட்டு, இனி பயமில்ல" என்று பெரியவர்கள் எண்ணெய் காய்ச்சி விடுவார்கள். இது கர்னலுக்கும் தெரிந்திருந்தது. அன்று காலை எங்கள் கரையிலிருந்தே சங்கு குளிக்கிற இரண்டு பேர் வேறு காரணத்துக்காக அவர் முன்னால் வந்திருந்தார்கள். இருவர் காதிலும் பழைய தழும்பைப் பார்த்திருந்தார். மூன்றாவதாக என் மகன், அவர் கையில் என் விண்ணப்பம். அவன் காதைப் பார்க்காமலே அவர் அப்படி முடிவுகட்டியதில் ஆச்சரியமில்லை. அந்த முடிவு நின்றால் உதவித்தொகை கிடையாது என்பது ஒரு பக்கம். குறையை மறைத்துப் படையில் சேர்ந்தவன் என்ற பெயரோடு என் பிள்ளை வீட்டுக்கு வருவான் என்பது மறுபக்கம்.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற கேப்டன் வாயைத் திறந்தார். பாளையங்கோட்டைப் பக்கத்து இளம் டாக்டர். முதலில் மகனைச் சோதித்து, யுத்த சேவையில் வந்த குறை என்று எழுதியவர் அவர்தான். கர்னல் அதைத்தான் அடித்துவிட்டிருந்தார். "சார், காலையில் வந்தவர்களுக்கு இரண்டு காதும் ஒன்றுபோல் இருந்தது. இவனுக்கு இடது காதுதான் அதிகம். பீரங்கியும் இடப்பக்கம்தான் இருந்திருக்கிறது" என்றார். கர்னல் நிமிராமலே, "மூழ்குகிறவன் என்று எழுதிக்கொடுத்தது யார், நானா?" என்று விண்ணப்பத்தை அவர் பக்கம் தள்ளினார். கேப்டனின் காது மடல் சிவந்தது. ஆனாலும் அவர் நகரவில்லை. "என் கருத்தை நான் தனியாக எழுதிவைக்க அனுமதி வேண்டும்" என்றார். தனக்கு மேலே இருப்பவரிடம் அந்த வயதில் அப்படிப் பேச எவ்வளவு துணிவு வேண்டும் என்று, தலைமையாசிரியை முன்னால் கைகட்டி நின்றே பழகிய எனக்குத் தெரியும்.

நான் எழுந்தேன். அந்த விண்ணப்பம் என்னுடையது, அதில் உள்ளது பொய் என்று இங்கிலீஷில் சொன்னேன். கர்னல் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "அம்மா, நீங்கள் பொய் சொன்னது அப்போதா, இப்போதா?" என்று கேட்டார். "அப்போதுதான், சார்" என்றேன். கடைசியில் அவர், "நாலு மணிக்குக் காகிதப் பெட்டியைப் பூட்டுவோம். அதற்குள் வேறு சாட்சி இருந்தால் வரட்டும். தாய் வேண்டாம்" என்றார்.

வெளியே வந்து சிலேட்டில் "என் தப்பு" என்று எழுதி மகனிடம் காட்டினேன். அவன் வாசித்துவிட்டு உள்ளங்கையால் துடைத்தான். "விடும்மா. கையெழுத்துப் போட்டது நான்லா?" என்று கிட்டங்கி முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

மகள் படியிலேயே காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் புருஷனைக் கூட்டிவரக் கரைக்கு ஓடினாள். ஆனால் ஓடி என்ன? விடியுமுன் தரைக்காற்றில் போன தோணி, கடற்காற்று எழும்பினால்தான் திரும்பும். அன்று மத்தியானம் இரண்டு மணிக்குக்கூட ஒரு இலை அசையவில்லை. கேப்டன் இரண்டு தடவை வெளியே வந்து பார்த்தார். இரண்டாம் தடவை, "இன்னும் வரலையா டீச்சர்?" என்று என்னைவிடப் பதறிப்போய்க் கேட்டார். அடுத்த ஆட்களை வேண்டுமென்றே மெதுவாகச் சோதித்துக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. மூன்று மணிக்குப் பிறகு என் சேலைத் தலைப்பு ஆடியது. காற்று.

மூன்று ஐம்பதுக்கு வாசலில் சத்தம் கேட்டது. "ஏலே, எங்க போற? இது ஆபீசு" என்று காவல்காரன் தடுத்தான். "தெரியும்லே, ஆபீசருட்டதான் போறேன். தள்ளு" என்று பதில் வந்தது. ஈரக் கச்சையும் தோளில் ஒரு துண்டுமாக, உடம்பெல்லாம் உப்புப் பூத்து, கண் சிவந்து என் மருமகன் வந்து நின்றார். பின்னால் மகள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ இவனுக்குச் சொந்தக்காரன். உன்னை எப்படி நம்புவது?" என்று கர்னல் கேட்டதைக் கேப்டன் தமிழில் சொன்னார். மருமகன் யோசிக்கவே இல்லை. "நம்ப வேண்டாம் அய்யா. என் காதப் பாருங்க, இவன் காதயும் பாருங்க. குளிக்கவன் காது எது, கயிறு பிடிக்கவன் காது எதுன்னு உங்களுக்கே தெரியும்" என்று விளக்கடியில் போய்த் தலையைச் சாய்த்துக்கொண்டார். கர்னல் எழுந்து வந்து அவருடைய இரண்டு காதையும் பார்த்தார். பிறகு என் மகனுடையதைப் பார்த்தார். மறுபடி மருமகனுடையதைப் பார்த்தார். அந்த இடைவெளியில் மருமகன் தலையைச் சாய்த்தபடியே பேசினார். "மூணு வருசம் இவன் கையில கயித்தக் குடுத்துட்டுத்தான் எறங்குனேன். இவனும் கூட முங்கிட்டா என்னத் தூக்குறது யாரு? அப்படி ஒரு நாள் நடந்திருந்தாலும் நான் இன்னைக்கு உசிரோட இங்கன வந்து நிக்க மாட்டேன் அய்யா."

கேப்டன் அதை மொழிபெயர்த்து முடிக்கும்போது கர்னல், "பையனுக்கு அந்தப் பழைய தழும்பு இல்லை" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தான் எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். கேப்டன் முதலில் எழுதிய வரியையே அதன் கீழே தன் கையால் எழுதினார். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை; என் விண்ணப்பத்தை மட்டும் கோப்பிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு நான் அங்கிருந்த பெஞ்சியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மருமகன் அருகில் வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அதில் என்ன இருந்தது என்று மகள் வழியிலேயே சொல்லியிருப்பாள் போலும்.

"அடுத்த தடவ எழுதினா கயிறு பிடிக்கவன்னே எழுதுங்க மாமி," என்றார் சிரித்துக்கொண்டே. "அது ஒண்ணும் கொறஞ்ச வேல இல்ல."