கையைப் பிடித்தால்தான் கேற் திறக்கும்

போன மாதம் வெங்காய லொறியோடு கற்பிட்டிக்குப் போயிருந்தேன். மூட்டை ஏற்றி முடிய நேரமிருந்தது. என் கால் ஓரிடத்தில் நிற்காது என்பது உங்களுக்குத் தெரியுமே, நடக்கத் தொடங்கினேன். கருவாட்டு வாசம் அப்படியே இருந்தது. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வந்ததும், துருவும் தேங்காய் எண்ணெயும் கலந்த இன்னொரு மணத்தை மூக்கு தேடியது. அது இல்லை. வாசலில் முன்பு கம்பிக் கேற் நின்ற இடத்தில் சில்லில் ஓடும் தகட்டுக் கேற். மேலே கமரா. விரல் நுழையவும் இடைவெளி கிடையாது.

அந்தக் கம்பிக் கேற்றின் பிணைச்சலுக்குக் கிழமைக்கொரு முறை எண்ணெய் போட்டவன் நான். பல வருடங்களுக்கு முன், மூன்று வருடம் அங்கே வோச்சர், வாசல் காவல்காரன். வேறு எந்த வேலையிலும் நான் அவ்வளவு நாள் நின்றதில்லை.

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது நான் சிறுவன். புத்தளம் முகாமின் ஓலைக் கொட்டிலில் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். பிறகு உப்பளம், கருவாட்டு வாடி, றால் பண்ணை. பசி இருந்தது. எல்லோருக்கும் இருந்ததால் அதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை கேட்டுப் போனபோது தலைமைச் சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எத்தனையாம் வகுப்பு?”

“அஞ்சு, சிஸ்டர்.”

“பெரிய ஆக்கள் அதட்டினாப் பயப்பிடுவியா?”

“அதட்டு வாங்கித்தான் வளந்தன்.”

“அப்ப நாளைக்கு வா.”

ஏன் அப்படிக் கேட்டார் என்று பிறகுதான் விளங்கியது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. பள்ளி விடுமுன் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர் அதைக் கூப்பிடக் கூடாது. கம்பிக்கு இடையால் கையை நீட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். பிள்ளை தானாக நடந்து வந்து அந்தக் கையைப் பிடித்தால்தான் கேற் திறக்கும். பெற்ற தகப்பனுக்கும் இதுதான். ஐஸ்பழம் வாங்கித் தராத வாப்பா ஒருவரை மகன் அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தான். “ரெண்டு வாங்கித் தாறன், பிடிடா மகன்!” என்று அவர் கெஞ்ச, “கூப்பிடப்படாது காக்கா” என்று, அண்ணன் முறை சொல்லியே நான் அதிகாரம் பண்ணினேன். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே அதிகாரம் அது, விடுவேனா?

காலையில் வேதக்காரப் பிள்ளைகள் செபம் சொல்லும்போது எங்கள் பிள்ளைகள் பக்கத்திலேயே கையேந்தித் துஆ கேட்பார்கள். ஒருநாள் சிஸ்டர் கேட்டார், “நம்பி ஒப்படைச்ச பொருளுக்கு உங்கட ஆக்கள் என்ன சொல்லுற?” அமானிதம் என்றேன். அதன்பிறகு ஆசிரியர் கூட்டங்களில் “பிள்ளைகள் அமானிதம்” என்று அவர் சொல்வது கேற்வரை கேட்கும். நான் கொடுத்த சொல்லாக்கும்!

ஒரு பகல் றால் பண்ணை முதலாளி வான் வண்டியில் வந்து இறங்கினார். கோயில் திருநாளுக்கும் பள்ளிவாசல் கந்தூரிக்கும் அள்ளிக் கொடுப்பவர். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கியும் அவர் தந்ததுதான். ஏழாம் வகுப்பு றெஜினாவின் தகப்பனுக்குச் சுகமில்லை, கூட்டிவரச் சொன்னார் என்றார். அந்தக் குடும்பத்துக்குப் படகு கொடுத்திருந்ததும் அவரே. நான் பிள்ளையைக் கூட்டி வந்தேன். முதலாளி சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். றெஜினா கேற்றுக்கு நாலடி தள்ளி நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வா பிள்ள, நேரம் போகுது.”

அவள் அசையவில்லை.

“கேற் திறக்கேலாது முதலாளி” என்றேன்.

“அகதியா வந்த நீ எனக்குக் கேற்றப் பூட்டுறியா?”

சத்தம் கேட்டுச் சிஸ்டர் வந்தார். றெஜினாவின் கைகளைப் பார்த்தார். “அவன் பூட்டினா நான் பூட்டின மாதிரி” என்றார்.

“அப்ப என்ட தாங்கிய நான் கழட்டுறன்.”

“ஓம், கழட்டுங்க. கிணத்தில அள்ளிக் குடிப்பம்.”

அன்று மாலை சிஸ்டரோடு கண்டக்குழியில் றெஜினாவின் வீட்டுக்குப் போனேன். தகப்பன் நல்ல சுகமாக இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். றெஜினா சிஸ்டரிடம் தனியாகப் பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை. அடுத்த நாள் சிஸ்டரே தாயையும் மகளையும் பொலிசுக்குக் கூட்டிப்போனார். முதலாளி பிறகு அந்தக் கேற் பக்கம் வரவில்லை. தாங்கி போய்விட்டது. இரண்டு மாதம் கிணற்றில் அள்ளி என் உள்ளங்கை காய்த்தது. நான் வேறெதற்கும் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

தகட்டுக் கேற் உறுமிக்கொண்டு தானாகத் திறந்தது. பிள்ளைகள் அட்டையை இயந்திரத்தில் காட்டிவிட்டு ஓடிவந்தார்கள். “இஞ்ச வா! கெதியா வா!” என்று தெரு முழுக்கச் சத்தம். அதற்குள் ஒரு பெண் மட்டும் வாய் திறக்காமல் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சின்னவள் ஒருத்தி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

நின்ற விதத்திலேயே ஆளைத் தெரிந்துவிட்டது. சிஸ்டர் இல்லை, கம்பிகள் இல்லை, எண்ணெய் போடப் பிணைச்சலும் இல்லை. நான் றெஜினாவைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் நிற்பதுதானே எங்கள் சட்டம்.