நத்தைக்கு ஊற்றிய தண்ணீர்

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். காலையில் ஒரு பாட்டிலை நிரப்பிக் கொடுப்பேன்; அன்றைக்கு முழுவதும் அதுதான். அந்த பாட்டிலுக்கு நான்தான் போலீஸ். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு, திருட்டுத்தனமாகக் குடிக்கவும் அவருக்கு வழியில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மகள், ஆபீஸ்காரர்களோடு கோகர்ணா கடற்கரைக்குப் போய்விட்டு வந்தாள். பாறை இடுக்கில் பொறுக்கியதாக ஏழெட்டுச் சிப்பிகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். புளியங்கொட்டை அளவு. வெறும் ஓடுதானே என்று ஜன்னலோரம் வைத்தோம். மறுநாள் காலை ஒன்று சுவரில் பாதி தூரம் ஏறியிருந்தது.

"உயிர் இருக்குடி இதுக்கு," என்றார் அவர். கடல் நத்தைகள். எடுத்துத் திருப்பினால், ஒரு சின்ன மூடியால் வாயை இறுக்கி அடைத்துக்கொண்டிருந்தன. "பாவம், தண்ணி இல்லாம கெடக்குது."

நான் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள், தன் பாட்டிலிலிருந்து கிண்ணத்தில் ஊற்றிவிட்டார். தன் பங்கில் கால்வாசி! கடல் ஜீவனாயிற்றே என்று ஒரு சிட்டிகை உப்பு வேறு. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கொஞ்ச நேரத்தில் மூடி திறந்து சதை வெளியே வந்தது. "பாத்தியா, குடிக்குது," என்று சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

சாயங்காலம் பார்த்தால், நீர் கோத்த அவர் கால்களைப் போலவே சதை உப்பித் தொங்கியது. மறுநாள் நாற்றம் தாங்கவில்லை. மகளோடு வேலை செய்யும் மங்களூர்ப் பெண் கேட்டுவிட்டுத் திட்டினாளாம். அலை எட்டாத பாறையில் அதுகள் வாயை மூடிக்கொண்டு நாள்கணக்கில் காய்ந்து கிடக்குமாம், பிழைத்தும் கொள்ளுமாம். குழாய்த் தண்ணீர்தான் கொன்றிருக்கிறது. அந்தப் பேச்சு என் மனதில் ஆணியடித்த மாதிரி இறங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு மத்தியானம். பாட்டிலில் இரண்டு விரல் அளவுதான் மிச்சம். சாயங்கால மாத்திரைக்கு அது வேண்டும்.

"ஒரே ஒரு வாய் குடுடி. நாக்கு ஒட்டிக்கிது."

மாட்டேன் என்றேன். மறுபடி கேட்டார்.

"நத்தைக்கு ஊத்துனீங்களே, இன்னா ஆச்சு? பாத்தீங்க இல்ல?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அப்புறம் கேட்கவே இல்லை.

நாலு மணிக்கு எழுப்பினேன், எழவில்லை. இதயம் நிற்கப்போகிறது, வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். தண்ணீர் மறுத்ததை டாக்டரிடம் சொன்னேன். "அந்த ஒரு வாயால ஒண்ணும் கெட்டுப் போயிருக்காதும்மா," என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், பாவம்.

வீட்டில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சொந்தபந்தமெல்லாம் வந்து, வழக்கப்படி வாயில் ஒவ்வொரு கரண்டியாகப் பால் விட்டார்கள். யாரும் அளவு பார்க்கவில்லை. "நீயும் விடும்மா," என்று என் கையில் கரண்டியைக் கொடுத்தார்கள். விட்டேன். அவர் விழுங்கவில்லை.