தண்ணிக்குள் திசை கிடையாது

சங்கு குளிக்கிறவன் காது தப்பாது என்று எங்களுக்கு ஒரு திமிர் இருந்தது. கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, வருவது யாருடைய லாஞ்சு, வடக்கே இருந்து வருகிறதா தெற்கே இருந்தா என்று தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவோம். சொன்னால் சொன்னதுதான். அந்தத் திமிர் எழுபதுகளில் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தது. நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அப்போது எங்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் ஆகவே ஆகாது. நாங்கள் பாய் விரித்த வள்ளத்தில் போய், மூச்சை அடக்கி முங்கிச் சங்கு பொறுக்குகிறவர்கள். அவர்கள் எஞ்சின் வைத்து, கடலின் அடி வரைக்கும் வலையைப் போட்டு வழித்துக்கொண்டு போகிறவர்கள். நாங்கள் கல்லெறிவோம், அவர்கள் சுக்கானைத் திருப்பி வள்ளத்தை இடிக்க வருவார்கள். யாராவது ஒருத்தன் மண்டை உடையாத வாரம் கிடையாது.

நானும் என் தங்கச்சி புருஷனும் சோடியாக முங்குவோம். அன்று காலை அடியில் கிடக்கும்போது எஞ்சின் சத்தம் கேட்டது. தண்ணிக்குள் அது எப்படிக் கேட்கும் என்று முங்காதவர்களுக்குச் சொன்னால் விளங்காது. முன்னால் இல்லை, பின்னால் இல்லை. மண்டைக்குள்ளேயே எவனோ எஞ்சினைப் பூட்டி ஓட்டுகிற மாதிரி இருக்கும். எனக்கு மூச்சு முட்டிவிட்டது. எந்தப் பக்கம் விலகி ஏறுவது என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஏறினேன். லாஞ்சின் இரும்பு விசிறி என் இடது தோளைக் கொத்திக்கொண்டு போனது. சுற்றிலும் தண்ணீர் சிவப்பாவதைப் பார்த்த பிறகுதான் வலியே வந்தது. வலி வந்தபோது மாதாவைக் கூப்பிடவில்லை, கெட்ட வார்த்தைதான் வாயில் வந்தது.

என்னைத் தூக்கி வள்ளத்தில் போட்டார்கள். வடக்கே இருந்து ஒரு லாஞ்சும் தெற்கே இருந்து ஒரு லாஞ்சும் அந்த இடத்தில்தான் ஒன்றையொன்று கடந்து போயின. பாய் மறைத்ததால், இரண்டில் எது என் மேல் ஏறியது என்பதை வள்ளத்தில் இருந்த யாரும் பார்க்கவில்லை. எனக்குக் கீழே முங்கிக் கிடந்த மச்சான் மட்டும் அடித்துச் சொன்னான்.

"தெக்க இருந்து வந்தவன்தான். என் ரெண்டு காதாலயும் கேட்டேன்!"

கரைக்கு வந்தால், தெற்கே இருந்து வந்த லாஞ்சு மேடையை ஒட்டி மீன் இறக்கிக்கொண்டு நிற்கிறது. அதன் டிரைவர் மணப்பாட்டுக்காரர், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒன்றும் தெரியாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளாசோடு சேர்த்து அவர் வாயில் விழுந்தது முதல் குத்து. உதட்டில் கண்ணாடி ஏறியது. துடுப்பால் முதுகில் அடித்தார்கள். கீழே விழுந்தவரை மிதித்தார்கள். "நான் இல்லய்யா, நான் இல்லய்யா" என்று அவர் கத்தக் கத்த அடி கூடியது. ஒருத்தன் நங்கூரக் கயிற்றை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினான். கல்லோடு சேர்த்துக் கடலில் தள்ளப்போகிறார்கள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

ஒருத்தன் உடுத்திருந்த சாரத்தை என் தோளில் சுற்றிக் கட்டி என்னை வலைக் குவியலில் சாய்த்திருந்தார்கள். ஆசுபத்திரிக்கு ஜீப் பிடிக்க ஆள் போயிருந்தது. அடி வாங்கியவன் நான். எனக்காகத்தான் அவரைக் கொல்லுகிறார்கள். நானும் அதே தண்ணிக்குள் கிடந்தவன்தானே, எனக்குக் கேட்காத திசை மச்சானுக்கு எப்படிக் கேட்டது? ஆத்திரம் தாங்காமல் கத்தினேன்.

"சவத்து மூதியளா! நிறுத்துங்கலே! தண்ணிக்குள்ள எவனுக்குலே தெக்கு வடக்கு கேட்டுருக்கு? அவனை இங்கனயே முங்கச் சொல்லுங்க. கல்லைத் தட்டுங்க. எங்கன இருந்து கேக்குன்னு சொல்லட்டும் பாப்போம்!"

"உனக்குக் கோட்டி பிடிச்சிட்டா மச்சான்? உனக்காகத்தானே பேசுதேன்!" என்று மச்சான் என் மேலேயே பாய்ந்தான்.

"எனக்காக முங்குலே. சரியாச் சொல்லிட்டியன்னா நானே அவரைத் தள்ளுதேன்."

ஆள் சாவதற்குள் ஒரு வேடிக்கை என்று சிலர் நினைத்திருக்கலாம். கயிற்றை இழுத்த கைகள் நின்றன. மேடை ஓரத்தில் தண்ணீர் கலங்கல், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மச்சான் முங்கி, கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டான். எங்கள் வள்ளத்தை ஓட்டுகிற தண்டல் இரண்டு கல்லை எடுத்துக்கொண்டு வடக்கே போய், தண்ணிக்குள் வைத்துத் தட்டினார். மச்சானின் கை தெற்கே காட்டியது. தண்டல் கரைப்பக்கம் வந்து தட்டினார். கை கடலைக் காட்டியது. மறுபடியும் தட்டினார். இந்தத் தடவை கை ஒரு பக்கமும் போகாமல் அப்படியே நின்றது. பிறகு தலை மேலே வந்தது. முகம் செத்துப்போயிருந்தது.

"மண்டைக்குள்ளதான் கேக்கு மச்சான்," என்றான். "அங்கன சங்கு பொறுக்கும்போது தெக்கப் பாத்துக் கிடந்தேன். அதான் தெக்கன்னு தோணிருக்கும்."

அட பாவி! முகம் திரும்பியிருந்த பக்கத்தை நம்பி ஒரு உயிரைக் கேட்டிருக்கிறான்.

கயிற்றைக் கழற்றினார்கள். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கிடையாது. ஓங்கிய கைக்கு வேலை இல்லாமல் போனதில் எல்லாருக்கும் எரிச்சல்தான். டிரைவர் தட்டுத்தடுமாறி எழுந்து நின்றார். போகிற போக்கில் ஒருத்தன், "இவன் இல்லன்னா இவன் கூட்டத்துல ஒருத்தன்தானே" என்று சொல்லி, அவர் செவிட்டில் ஒரு அறை விட்டான். மேடை முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். அவர் விழவில்லை. காதைப் பொத்திய விரலிடுக்கில் ரத்தம் வடிந்தது.

ஒரே ஜீப்பில்தான் இரண்டு பேரையும் கொண்டுபோனார்கள். என் தோளைத் தைத்த டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். சத்தம் அது வருகிற பக்கத்துக் காதுக்கு ஒரு பொடி நேரம் முந்திப் போகிறதாம், மற்றக் காதுக்குப் பிந்திப் போகிறதாம். அந்த வித்தியாசத்தைப் பிடித்துத்தான் மூளை திசை சொல்லுகிறது என்றார். தண்ணிக்குள் சத்தம் நாலு மடங்குக்கும் மேலே வேகமாகப் பாய்வதால் இரண்டு காதுக்கும் ஒன்றாக வந்த மாதிரி ஆகிவிடும், மூளை ஏமாந்து நிற்கும் என்றார். பிறகு அடுத்த கட்டிலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு இனிமே கரையிலயும் அப்படித்தான். ஒரு காது போயிட்டுதுல்லா, எதோட எதை ஒத்துப் பாக்கும் மூளை?"

மற்ற லாஞ்சின் ஊதல் எந்தப் பக்கம் கேட்கிறது என்று தெரியாதவனை எந்த முதலாளி லாஞ்சில் ஏற்றுவான்? அவர் கடலுக்குப் போகவே இல்லை. எந்த லாஞ்சு என் மேல் ஏறியது என்பதும் கடைசி வரை தெரியவில்லை.

கொஞ்ச காலம் கழித்து எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரைப் பார்த்தேன். கூடச் சின்ன மகள் நின்றாள். "அண்ணாச்சி!" என்று கூப்பிட்டேன். அவர் எதிர்ப்பக்கம் திரும்பினார். மறுபடியும் கூப்பிட்டேன். ரோட்டைப் பார்த்தார், கடைகளைப் பார்த்தார், ஒரு சுற்று முழுக்கச் சுற்றினார். "யாரு? எங்கன நிக்கியோ?" என்றார்.

அந்தப் பிள்ளை, தினமும் செய்கிற வேலை மாதிரி, அவர் தாடையைப் பிடித்து என் பக்கமாகத் திருப்பி வைத்தது.